சுந்தரமூர்த்தியின் கண்ணாடி வயிறு

1996 மழைக்காலத்தில், புனேயின் சாங்வியில் தனியாகக் குடியிருந்த சுந்தரமூர்த்தியின் வயிறு கண்ணாடியாகிவிட்டது. சட்டை போட்டாலும் தெரிந்தது, அதற்குமேல் ஸ்வெட்டர் போட்டாலும் தெரிந்தது. காலையில் தின்ற அவல் போஹா மஞ்சளாகவும் குடித்த டீ அதன்மேல் பழுப்பாகவும் எல்லோர் கண்ணிலும் பட்டன. முதல் வாரம் ஆட்டோ ஸ்டாண்டில், "காய் காக்கா, ஆஜ் போஹே கா?" என்று, என்ன சித்தப்பா, இன்றைக்கு அவலா என்று, மராத்தியில் விசாரித்தார்கள். அடுத்த வாரம் வெங்காய விலை ஏறிவிட்டதால் எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள். கேம்ப் பகுதியில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வருஷக்கணக்காகத் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது வருவதுதான், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இதில் வேடிக்கை, வயிற்றைப் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகமே. கொங்கண் கரையில் ஆறுகள் கடலை நெருங்கும் இடங்களிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் புட்டி புட்டியாகத் தண்ணீர் வரும். அதில் மிதக்கும், கடுகிலும் சிறிய உயிரிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து, எத்தனை இருக்கின்றன, என்ன தின்றிருக்கின்றன என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவற்றுக்கும் உடம்பு கண்ணாடிதான். பாசி தின்றிருந்தால் குடலில் பச்சைக் கோடு தெரியும். அவருக்குப் பிடித்தது, ஓதம் ஏறியும் உப்பு ஏறாத இடத்துத் தண்ணீர். கடலோடு சேர்ந்து ஆறும் அங்கே தினம் ஏறி இறங்கும், ஆனால் வாயில் வைத்தால் நல்ல தண்ணீர். அங்கே உயிரிகள் திருவிழாக் கூட்டமாக இருந்தும் பாதிக்குமேல் வெறும் வயிறு. சேறும் சருகும் வந்த அளவுக்குப் பாசி வரவில்லை. கூட்டம் இருக்கிற இடமெல்லாம் சோறு இருக்கிற இடம் இல்லை என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். மேலதிகாரி அவர் வயிற்றைப் பார்த்தார். காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊரே அப்படித்தான் செய்தது. நிறைந்த வயிற்றை விசாரித்தவர்கள், காலி வயிற்றைக் கண்டதும் பஸ்ஸில் வேறு சீட்டுக்குப் போனார்கள். அவருக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. ஒரு ஆளுக்கென்று உலை வைக்க அலுப்பு, அவ்வளவுதான். மனைவி வனஜா சிதம்பரத்துக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் இல்லை. இவர் புனேக்குக் கிளம்பிய அன்றே அவள் சொல்லியிருந்தாள்: "நீங்க பட்டினி கெடக்குறீங்கன்னு தெரிஞ்சா வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்." அந்த வேலைக்காக அவள் பட்ட பாடு அவருக்குத் தெரியும். தலைமையாசிரியை ஆகிற நேரம் வேறு. அதனால் ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் அவள் "சாப்ட்டீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஆச்சு, நீ?" என்றார். அவளும் "ஆச்சு" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவர் சோறே இல்லாமல் மறைத்தார். கண்ணாடியைக் கண்டால் அவளுக்கு ஒரே பார்வையில் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஊருக்குப் போவதையே நிறுத்தினார். முதலில் ஆய்வு வேலை என்று காரணம் சொன்னார், பிறகு உடம்பு என்றார், பிறகு அவள் காரணம் கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் அவரை வதைத்தது. தனக்குப் புனேயில் வேறு யாரோ இருப்பதாக நினைக்கிறாளோ என்று பயந்தார். இதற்குள் ஹிஞ்சேவாடியில் கம்பெனிகள் முளைத்தன, சாங்வி ரோட்டில் கார்கள் நகர முடியாமல் நின்றன, பூத்தை மூடி மொபைல் கடை வைத்தார்கள். வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

2004 கோடை விடுமுறையில் வனஜா சென்னை சென்ட்ரலிலிருந்து போன் செய்தாள். "வண்டி ஏறிட்டேன். நாளைக்கு வந்துருவேன்." மறுநாள் சுந்தரமூர்த்தி கேம்பில் ஒரு தமிழ் மெஸ்ஸுக்குப் போய், வைத்ததை எல்லாம் தின்றார். கண்ணாடியை மறைக்க முடியாது, நிரப்பவாவது செய்யலாம் என்பது அவர் கணக்கு. சோறும் சாம்பாரும் பொரியலும் ததும்ப, மூச்சு வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றார்.

வனஜா பெட்டியோடு இறங்கினாள். நேராக அவர் வயிற்றைத்தான் பார்த்தாள்.

"பீட்ரூட்டு. உங்களுக்குத்தான் அது ஆவாதே. எனக்காக அவசரத்துல தின்னுட்டு வந்திருக்கீங்க."

அவள் புடவைக்குப் பின்னால், மடிப்புகளைத் தாண்டி, அவள் வயிறும் தெரிந்தது. வழியில் குடித்த டீ அடியில் கொஞ்சம் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"உங்களுக்கு எப்பவோ, அப்பலேர்ந்துதான். புள்ளைங்க பாத்துப் பாத்துப் பழகிட்டாங்க. நீங்க வந்தா தெரிஞ்சிருமேன்னு நானும் கூப்புடல. நீங்க வரவே மாட்டீங்கன்னு ஆனப்புறம் பயமாயிடுச்சு."

அவ்வளவு கூட்டத்தில் அவருக்கு அழுகை வந்தது, அழுதார். போர்ட்டர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் சாங்வியில் இரண்டு பேருக்கு உலை வைத்தார். அவள் சாப்பிடச் சாப்பிட, வெள்ளைச் சோறு ஒவ்வொரு வாயாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய மைக்ராஸ்கோப்பில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும், இதற்குள் தலைமையாசிரியை ஆகியிருந்த வனஜா ஊருக்குத் திரும்பினாள். இரண்டு வயிறும் கண்ணாடியாகவேதான் இருக்கின்றன, இரண்டு ஊரிலும் யாரும் அதைப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வருகிறது.

"சாப்ட்டீங்களா?"

"இல்ல. நீ?"

"நானும் இல்ல."

போனை வைத்துவிட்டு இருவரும் அரிசி களைகிறார்கள். சாதம் வெந்ததும் அவர் மறுபடி கூப்பிடுகிறார்.