உருகி உறைந்த வட்டக்காய்

என் மகன் ஷாமிலுக்கு எட்டு மாதம். திங்கள் முதல் வெள்ளி வரைக்குமான அவனுடைய பகல் சாப்பாடு ஐந்து பைகளில், பைக்கு ஆறு கட்டிகள் வீதம், எங்கள் பிரிட்ஜின் மேல்தட்டில் உறைந்திருக்கும். ஒவ்வொரு பையிலும் சமைத்த தேதி, நேரம், உள்ளே இருப்பது வட்டக்காய் என்கிற மஞ்சள் பூசணியா பருப்பா கோழி ஈரலா என்பதெல்லாம் நீல மையில் எழுதியிருப்பேன். வீட்டில் எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஊராரின் மலத்தில் கிருமி தேடுவது என் தொழில். வெளியே வைத்த ஒரு கரண்டிக் கஞ்சியில் ஒரு பகலுக்குள் என்ன வளரும் என்று கண்ணால் பார்த்தவள் நான்.

பார்த்ததோடு நிற்கவில்லை. அனுபவித்தும் ஆகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு, நான் வேலைக்குத் திரும்பிய முதல் கிழமை, காலையில் காய்ச்சிய கஞ்சியை ருக்கியா மதினி அடுப்படியிலேயே மூடி வைத்துவிட்டு மத்தியானம் பிள்ளைக்கு ஊட்டினார். மதினி என் கணவர் பஹீமின் மூத்த சகோதரி; அவர் 'தாத்தா' என்று கூப்பிடுவார். புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை, மடவளையில் எங்களோடுதான் இருக்கிறார். நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் ஷாமில் அவர் கையில்தான். அந்தக் கஞ்சிக்குப் பிறகு என் பிள்ளை நாலு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தான். பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள். இன்னொரு தடவை இப்படி வற்றிப்போனால் பிள்ளை தாங்க மாட்டான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வார்டில் அத்தனை பேர் முன்னாலும் மதினியைப் பார்த்து, "என்ட புள்ளய மௌத்தாக்கப் பாத்தீங்களா?" என்று, கொல்லப் பார்த்தீர்களா என்றே, கேட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் கை கழுவுவதிலிருந்து மிச்சத்தைக் கொட்டுவது வரை எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு, பிள்ளை தூங்கினானா, தின்றானா என்ற அளவோடு நின்றது.

ஹஜ்ஜுப் பெருநாள் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையே ஐந்து பைகளையும் நிரப்பி உறையவைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பளையில் உம்மா வீட்டுக்குப் போனேன். ஞாயிறு பின்னேரம் வந்தேன். திங்கள் வேலைக்குப் போனேன். செவ்வாயும் போனேன். புதன்கிழமை ஆய்வுகூடத்தில் தண்ணீர் இல்லை என்று பதினொரு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. அலவத்துகொடயில் இருக்கும் எங்கள் உறவு கைரியா மாமி வீட்டுக்கு, பெருநாளுக்கு அறுத்த குர்பான் இறைச்சிப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், பிள்ளையையும் கூட்டிப் போகிறேன் என்று மதினி காலையில் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தேன். மேல்தட்டு முழுக்க இறைச்சி. எங்கள் பங்கு, பக்கத்து வீட்டுப் பங்கு, பிரிட்ஜ் இல்லாத இன்னும் இரண்டு வீட்டுப் பங்கு. பெருநாளுக்கு எங்கள் ஊரில் பிரிட்ஜ் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. இடம் இருந்தால் வைப்பார்கள், மறுக்கவும் கூடாது. இறைச்சிக்குப் பின்னால், மூலையில், ஷாமிலின் பைகள் இரண்டு மிச்சம் இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

நான் உறையவைக்கும் தட்டில் குழிகள் பூ வடிவத்தில் இருக்கும். பைக்குள் ஆறு பூ இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. எல்லாம் கூழாகி, பையின் ஒரு மூலைக்கு ஓடி, அங்கேயே ஒரே பாளமாக இறுகிப்போயிருந்தது. அடுத்த பையும் அப்படித்தான்.

உருகியிருக்கிறது. பிறகு மறுபடி உறைந்திருக்கிறது. நடுவில் எத்தனை மணித்தியாலம் என்பதுதான் கேள்வி. பல்லேகலயில் வேலையில் இருந்த பஹீமுக்குப் போன் எடுத்தேன்.

"பெருநாளண்டு மேல்தட்டுல இருந்த சாமான யாரு வெளிய எடுத்த?"

"தாத்தாதான். எறச்சி வந்து குமிஞ்சிச்சு, வெக்க எடமில்ல. மேசைல எடுத்து வெச்சா. பொறகு வேலயில மறந்துபோய்ட்டா போல. அஸர் தொழுதுட்டு வந்து பாத்துட்டுத்தான் திரும்ப உள்ளுக்கு வெச்சா."

"காலையில இருந்து பின்னேரம் அஸர் வரைக்குமா?"

"அதுல என்ன ஈக்குது பஸீஹா? திரும்பக் கட்டியாகிட்டுத்தானே?"

கட்டியானால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிற மனிதனோடு வாதாட அப்போது எனக்கு நேரம் இருக்கவில்லை. குளிரில் கிருமி சாகாது, தூங்கும். அதுவும் கோழி ஈரல். ஐந்தில் இரண்டு மிச்சம் என்றால் மூன்று போய்விட்டன. திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று. இரண்டு நாளும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்காக மூன்றாம் நாளும் தப்புவான் என்றில்லை. இன்றைய பை மதினியின் கையில் இருக்கிறது. மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். ஷாமில் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுவான்.

மதினியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. கைரியா மாமியின் போன் அணைத்திருந்தது. மறுபடி மதினி. மறுபடி. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு சந்திக்கு ஓடினேன். ஊருக்கெல்லாம் அண்ணன் போன்ற நபீல் நானாவின் ஆட்டோ நின்றது.

"அலவத்துகொடக்கு, கெதியா போங்க நானா."

"என்ன புள்ள, மொகமெல்லாம் வெளுத்து ஈக்குது?"

"புள்ளக்கு கெட்டுப்போன சாப்பாடு குடுக்கப் போறாங்க."

அவர் உடனே ஆட்டோவைக் கிளப்பினார். கட்டுகஸ்தோட்டை வரை பறந்தார். அக்குறணைச் சந்தியில் வழக்கம்போல வாகனம் நகரவில்லை. பன்னிரண்டே கால். முன்னால் ஒரு லொறி, அதற்கு முன்னால் இரண்டு பஸ். நான் இறங்கி எதிரே இருந்த பாமசிக்கு ஓடி நாலு ஜீவனி பைக்கற் வாங்கினேன். வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் தூள். திரும்பி வந்து ஏறும்போதும் ஆட்டோ அதே இடத்தில்தான் நின்றது. அந்த லொறிக்காரனை வாயில் வந்தபடி ஏசினேன். அவனுக்குக் கேட்கவில்லை.

பன்னிரண்டரை ஆனது. இந்நேரம் முதல் கரண்டி போயிருக்கும் என்று நினைத்தேன். ஷாமில் கரண்டியைக் கண்டால் குருவிக்குஞ்சு போல வாயைத் திறப்பான், எதை வைத்தாலும் விழுங்குவான். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதபடியே மதினிக்கு என்னென்ன சொல்லப் போகிறேன் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். இந்த வீட்டில் நீங்களா நானா என்பது வரைக்கும் அடுக்கி முடித்திருந்தேன்.

ஒரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். மாமி வீட்டுக்கு ரோட்டிலிருந்து முப்பது படி ஏற வேண்டும். மேல்படியில் ஒரு பேசன் கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்தில் ஒரு ஈரத் துவாய். வாந்தி வாடை முகத்தில் அடித்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

பாயில் ஷாமில் உட்கார்ந்திருந்தான். ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். வாயைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாக வட்டக்காய். அள்ளித் தூக்கினேன். நெற்றி குளிர்ந்திருந்தது. நாக்கு ஈரமாக இருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன், உடனே சமமாகியது. அவன் என் மூக்கைப் பிடித்துச் சிரித்தான்.

"யாரு மாமி வாந்தி எடுத்த? இவனா?"

"இவனில்ல புள்ள, ருக்கியாதான்," என்றார் கைரியா மாமி. "வந்ததுல இருந்து வாந்தியும் வயித்தாலயும். புள்ளக்கு சாப்பாடு செஞ்சு தந்துட்டுப் போய்ச் சாஞ்சவதான். நாந்தான் ஊட்டின."

"செஞ்சு தந்தாவா? கொண்டு வந்த பைய சூடாக்கினாவா?"

"பையா? பை ஒண்டும் புள்ளக்குக் குடுக்கல்லயே. இங்க வந்துதான் வட்டக்காயும் பருப்பும் புதுசா அவிச்சா. நிக்க ஏலாம, சுவரப் புடிச்சுக்கொண்டு அவிச்சா. மூணு தரம் கையக் கழுவினா. பொறகு என்னையும் கழுவச் சொல்லி, நீங்களே ஊட்டுங்கோ, எனக்கு சொகமில்லண்டா."

அறைக்குள் போனேன். மதினி கட்டிலில் சுருண்டு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. தலைமாட்டில் அவருடைய கைப்பை. அதற்குள் நீல எழுத்துப் பை ஒன்று, காலியாக, கழுவி மடித்து வைத்திருந்தது.

"மதினி, இதுல இருந்த சாப்பாடு எங்க?"

கண்ணைத் திறக்கவில்லை. "நீ வேலக்குப் போன பொறகு நான் திண்டுட்டன்."

"திங்கக்கிழமைப் பை?"

"அதயும்."

"நேத்தையதும் நீங்களா?"

"சாப்பாட வீச மனசு வரல்ல பஸீஹா. உருகினத புள்ளக்குக் குடுக்கவும் பயம். வீட்டுல ரெண்டு நாளும் புள்ளக்கு புதுசாத்தான் அவிச்ச. நீ ஒட்டின தாளப் பாத்துப் பாத்துத்தான் செஞ்ச. மிச்ச ரெண்டயும் நான் திண்டு முடிச்சிருப்பன். ஒனக்குத் தெரிய வந்தீக்காது."

நேற்று இரவு முழுக்க அவர் அறை விளக்கு எரிந்தது எனக்குத் தெரியும். காலையில் தேத்தண்ணி குடிக்காமல், முகம் சுருங்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் பிள்ளையை மட்டும் கொஞ்சிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன். என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்னிட்ட ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்தானே?"

அப்போதுதான் கண்ணைத் திறந்தார். "ஏசுவாயே."

ஆமாம், ஏசித்தான் இருப்பேன். ஆட்டோவில் அடுக்கி வைத்த அத்தனையையும் சொல்லியிருப்பேன், அதற்கு மேலும் சொல்லியிருப்பேன். அவ்வளவு கிருமிக் கணக்குத் தெரிந்த எனக்கு, ஒரு மனுஷி கெட்ட சாப்பாட்டை விட என் வாய்க்கு அதிகம் பயப்படுகிறாள் என்பது தெரியாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது.

பிள்ளையை மாமியிடம் கொடுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆறிய கொதிநீர் ஒரு லீற்றர் அளந்து, பிள்ளைக்கென்று வாங்கிய ஜீவனியை உடைத்துக் கரைத்தேன். மதினியின் தலைக்கு இன்னொரு தலகாணி வைத்து நிமிர்த்தினேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க மதினி. அண்டைக்கு ஆஸ்பத்திரில நான் அப்பிடிக் கேட்டது பெரிய பாவம்."

நான் கரண்டியை நீட்டினேன். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.