நிறஞ்சலாவின் தண்ணீர்ச் சப்பாத்து

விடத்தல்தீவில் புதிதாகத் திறந்த கயாக் துடுப்புப்படகு நிலையத்தில் வழிகாட்டி வேலை ஒன்று இருந்தது. பயணிகளைக் கண்டல் மரங்களுக்குள்ளால் கூட்டிப்போய், இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, தூண்டில் போடவைத்துப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். நிறஞ்சலாவுக்கு அந்த வேலை வேண்டும் என்றால் வேண்டும்தான். கருவாட்டு வாடியில் வெயிலில் வெந்தது போதும் என்றிருந்தது அவளுக்கு. ஞாயிறு பூசை முடிய சோதனை ஓட்டம். சப்பாத்து மட்டும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டுமாம்.

சனிக்கிழமையே கணவன் வலன்ரைனை இழுத்துக்கொண்டு மன்னார் நகரத்துக் கடைக்குப் போனாள். அவன் முழங்கால்வரை ஏறும் றப்பர் பூட்ஸைத் தூக்கிக் காட்டினான்.

“உதுக்குள்ள தண்ணி நிறைஞ்சா என்னைக் கயிறு கட்டித்தான் இழுக்க வேணும்,” என்றாள் அவள்.

வார்ச் செருப்பென்றால் மட்டி ஓடு உள்ளே புகுந்துவிடும். மெல்லிய அடியென்றால் சிப்பி கிழித்துவிடும். கடைசியில் விரல் மூடிய, தடித்த அடியும் வலைத்துணியும் வைத்த கறுப்புச் சோடி ஒன்று அகப்பட்டது. அதை மாட்டிக்கொண்டு கடை நடுவில் காலை நீட்டி இருந்து, இல்லாத துடுப்பை வலித்துப் பார்த்தாள். போதாததற்கு ஒரு வாளி தண்ணீரும் கேட்டு, காலை அமுக்கி எடுத்தாள். தண்ணீர் விறுவிறென்று வடிந்தது. குதிக்கால் கழலவில்லை.

“மானம் போகுது, எழும்பு,” என்றான் வலன்ரைன். ஆனால் சிரிப்பை அவனால் அடக்க முடியவில்லை.

மறுநாள் நிலையத்தை நடத்தும் றொஷேல் பயணிபோலக் கயாக்கின் முன்பக்கத்தில் ஏறி இருந்தாள். நிறஞ்சலா புதுச் சப்பாத்தைக் கரையில் கழற்றி, சோடி சேர்த்து வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள். அந்த ஊரில் வள்ளத்துக்குள் செருப்புக் காலோடு யாரும் ஏறமாட்டார்கள். யோசிக்கும் முன்பே கை கழற்றிவிட்டது.

தூண்டில் போடும் இடம் வந்ததும் றொஷேல், “இறங்குவமா?” என்றாள்.

அப்போதுதான் நிறஞ்சலா தன் வெறுங்காலைக் கண்டாள். கீழே முழுக்கச் சிப்பி. குதித்தால் இரண்டு வெட்டு விழும், வேலை கிடைத்தால் அது ஆறிவிடும். ஆனால் பயணி வழுக்கி விழுந்தால் வெட்டுப்பட்ட காலோடு தூக்குவது யார்?

“இறங்கேலாது மிஸ். வள்ளம் எண்ட நினைப்பில சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்திட்டன். இந்தக் காலோட உங்களைப் பாக்கேலாது. திரும்புவம்.” சொல்லிக்கொண்டே கயாக்கைக் கரைப்பக்கம் திருப்பினாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள்.

கரையில் துணைக்கு வந்திருந்த வலன்ரைன் சப்பாத்தைத் திருவிழாக் கொடிபோல உயர்த்திப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றான். றொஷேல் சிரித்துவிட்டாள்.

“உங்களுக்கு முதல் வந்த மூண்டு பேரும் இப்பிடித்தான் கழட்டினவை. ஆனா அவை ‘எங்கட கடல்தானே மிஸ்’ எண்டு குதிச்சவை. என்னை ஆர் பாக்கிறது எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்ல. நாளைக்கு விடிய வாங்கோ, ரெண்டு பேர் மீன் பிடிக்க வருகினம்.”

நிறஞ்சலா சப்பாத்தைப் பிடுங்கி அந்தத் தண்ணீரிலேயே நின்று மாட்டத் தொடங்கினாள்.

“நாளைக்குத்தானே!” என்றான் வலன்ரைன்.

அவள் காதில் அது விழவேயில்லை.