துடைத்த படத்தில் மழை இல்லை

1

குடை பிடித்திருக்கிறார்கள். மேலங்கியெல்லாம் நனைந்திருக்கிறது. தெருவில் தண்ணீர் ஓடுகிறது. மழையை மட்டும் காணோமே, நானா துடைத்தேன்?

என் கதையில் வருகிறவள் இப்படித்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்த நினைப்பில் பெரும்பகுதி என்னுடையது. தள்ளுபடியில் குவித்து வைத்திருந்த டிவிடிகளில் ஒன்றை வாங்கிவந்து போட்டுப் பார்த்தேன். பழைய பிரிட்டிஷ் கறுப்பு வெள்ளை மர்மப் படம். ஆற்றங்கரையில் ஒரு விடுதி, புதிதாக மணமான பெண், அவளைக் கண்கொட்டாமல் பார்க்கும் கணவன். படகுத்துறையில் எல்லோரும் குடையோடு நிற்கிறார்கள். மேலே ஒரு துளி இல்லை. ஊருக்கே பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது.

விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். பழைய பிலிமைச் சுத்தம் செய்யும் சாஃப்ட்வேருக்கு ஒரு குணம் உண்டாம். ஒரு ஃப்ரேமில் இருந்துவிட்டு அடுத்த ஃப்ரேமில் காணாமல் போவது எதுவானாலும் அதற்குத் தூசிதான். மழைத்துளியும் அப்படித்தானே வந்து போகிறது? பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிற ஆள் அசந்தால் மொத்த மழையும் போய்விடும்.

அசந்த அந்த ஆள் யார் என்று யோசித்தேன். கதை அங்கே பிறந்தது. 'நானா துடைத்தேன்?' என்ற கடைசிக் கேள்வியை மட்டும் அவளுக்கென்று எழுதிக் கொடுத்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "இருண்ட அறையில், இருண்டுபோன வாழ்க்கையோடு அவள்—"

வேண்டாம். அறை இருட்டுத்தான். திரையில் வெளிச்சம் விழக் கூடாதென்று சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். அதற்காக அவள் வாழ்க்கையையும் சேர்த்து இருட்டாக்குவது என் சோம்பேறித்தனம். அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். பழைய முகங்களின் மேலிருக்கும் கீறல்களை ஒவ்வொன்றாக எடுக்கும்போது, காய்ச்சல்காரரின் நெற்றியைத் துடைத்துவிடுவதுபோல் இருக்கும் அவளுக்கு.

இரண்டாவது தொடக்கம்: மழை போன கதையை அவள் முதலாளியிடம் போய்ச் சொல்கிறாள்.

"டிஸ்க்கெல்லாம் கடைக்குப் போயாச்சேம்மா."

"திரும்ப வாங்கிடலாம் சார். தப்பு என்னோடது."

"யாராவது கேட்டாங்களா? படம் வாங்குறவன் மழைக்கா வாங்குறான்? கொலை இருக்குல்ல? அது போதும், போ."

(இந்த முதலாளியை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் இதற்குமேல் அவருக்கு இங்கே வேலையில்லை.)

அன்றிலிருந்து அவள் சாஃப்ட்வேரை நம்புவதில்லை. அது எதை எடுக்கிறதோ அதைத் தானும் ஒருமுறை பார்த்த பிறகுதான் போகவிடுகிறாள். வேலை ஆமையாக நகர்கிறது. நகரட்டும் என்று இருக்கிறாள்.

3

அவளுடைய அக்காவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். அடித்தால் அழுகிற அக்கா. அப்படிப்பட்டவளை எழுதுவது சுலபம். படிக்கிறவர்களும் உடனே இரக்கப்படுவார்கள்.

இரண்டாம் பிரதியில் அவளை விட்டுவிட்டேன், எப்படி வேண்டுமானாலும் வா என்று. ஒரு மத்தியான நேரம், கதவைக்கூடத் தட்டாமல், மாவுக்கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தங்கை வேலை செய்யும் அறைக்குள் நுழைந்தாள். திரையில் அதே வகை மர்மப் படம் இன்னொன்று.

"என்னடி இது, வவ்வால் மாதிரி உக்காந்திருக்கே?"

"வேலை அப்படி. உக்காரு, வயர் தடுக்கிடப் போகுது."

"இதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களா! யாரு இந்த வெள்ளைக்காரி? முழிக்கிற முழியப் பாரு. வீட்டுக்காரன் தன்னைக் கொல்லப் போறான்னு இன்னுமா தெரியல இவளுக்கு?"

"கடைசி வரைக்கும் தெரியாது."

"மண்டு" என்றாள் அக்கா.

இப்படி வரும் என்று நான் திட்டமிடவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறு எதையும் எழுத முடியாமல் போனது, அவ்வளவுதான்.

4

படிக்கிறவர்களுக்கு இப்போது விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மர்மப் படம் எடுப்பவர்கள் ஒளித்து வைப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை.

அக்கா தன் வீட்டுப் படிக்கட்டில் விழுந்தாள். கால் இடறியது என்று எல்லோரிடமும் சொன்னாள். அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் மலிவான காமிரா ஒன்று உண்டு. அது விட்டுவிட்டுத்தான் பதியும். பழையதை அழித்துத் தன் மேலேயே எழுதிக்கொள்ளும். மறுநாளே போய்க் கேட்டுப் பிரதி வாங்கி வந்தவள் தங்கை. இப்போது இருப்பது அவளிடம் உள்ள அந்த ஒன்றுதான்.

அதில் அக்கா மேல்படியில் நிற்கிறாள், பின்னால் அத்தான். அடுத்த ஃப்ரேமில் அத்தானின் கை, விரல்கள் விரிந்து, அக்காவின் முதுகில். அதற்கும் அடுத்ததில் அக்கா பாதிப் படியில் சரிந்துகொண்டிருக்கிறாள். அத்தானின் கை கீழே தொங்குகிறது, எதுவும் செய்யாத கைபோல.

(ஒரே ஒரு ஃப்ரேமில் வந்துபோகும் கை. தூசி துடைப்பவளின் கைக்கே அது கிடைக்கிறது. இந்தப் பொருத்தம் கொஞ்சம் அதிகம்தான், எனக்கே உறுத்துகிறது. மாற்றிப் பார்த்தேன். தங்கையைப் பள்ளி ஆசிரியை ஆக்கினேன். அப்போது அக்கா அவளிடம் வந்து கேட்பதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று.)

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டார், இப்போது அப்பா வீட்டில் இருக்கும் அக்காவைத் திரும்பக் கூட்டிப்போக வருகிறார்கள். அதற்குமுன் அந்தப் படிக்கட்டுப் பதிவை ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார்.

5

"அந்த ஒண்ணை எடுத்துடு" என்றாள் அக்கா.

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. தூசி தட்டறதுதானே உன் பொழப்பு? அதையும் தூசின்னு நினைச்சுக்க."

தங்கை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் என்னைப் பிடிக்கத்தான் வந்தாரு."

"பிடிக்க வர்ற கை, விழுந்த பிறகு வரும்க்கா. அதுல நீ நேரா நின்னுட்டிருக்கே."

அக்கா திரையைப் பார்த்தாள். "அப்பா தாங்க மாட்டாருடி. ரெண்டு பிள்ளைங்களையும் இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்? உன் ஒத்தை ரூமுக்கா?"

"வா."

"வான்னு சொல்றது சுலபம்."

இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு முடிவுகளைத் தேடினேன்.

தங்கை அந்தக் கையை எடுத்துவிடுகிறாள். அப்பா பார்த்துவிட்டு, "கால்தான் தவறியிருக்கு, பாவம்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அக்கா அதே படியேறி— இதைப் பாதியில் விட்டேன். மீதியை எழுத எனக்குத் தெம்பில்லை.

அல்லது, அக்காவுக்குத் தெரியாமல் தங்கை அப்பாவிடம் காட்டிவிடுகிறாள். நியாயமான முடிவு. ஆனால் அக்காவைக் கேட்காமல் அவளுக்காகத் தீர்மானிக்கும் ஆட்கள் அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிறார்கள். இன்னொருத்தியை அனுப்ப மனம் வரவில்லை.

அந்தப் பழைய படங்களில் கடைசியில் மேலங்கி போட்ட போலீஸ் அதிகாரி ஒருவர் வந்துவிடுவார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்து, நடந்ததையெல்லாம் நிதானமாக விளக்குவார். அவரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். மாடிப்படியில் காலடி ஓசைகூடக் கேட்கவில்லை.

6

"எடுக்க மாட்டேன்க்கா" என்றாள் தங்கை. கோபமில்லை. குரல்கூட உயரவில்லை.

"அப்போ அப்பாகிட்ட?"

"நீ காட்டுன்னா காட்டுறேன். வேண்டாம்னா பூட்டி வைக்கிறேன். ஆனா அது அப்படியே இருக்கும்."

அக்கா நல்ல கையால் மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைத் திருகிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அழுவாள் என்று காத்திருந்தேன், அதுவும் இல்லை.

எனக்கோ முடிக்க வேண்டியிருந்தது. ஆகவே தங்கையிடம் கேட்டேன்: எழுந்து போய் அந்தக் கறுப்புத் துணியை விலக்கேன். வெளிச்சத்தில் அக்காவின் முகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் அத்தான் வீட்டுக்குப் போவாளா மாட்டாளா என்று அதைப் பார்த்தாவது ஊகித்துக்கொள்வேன். படிக்கிறவர்களுக்கும் அந்த ஒரு வரி போதும்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை அக்காவுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவ எழுந்திரிக்கட்டும்" என்றாள். "அதுவரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."