இடப்பக்கத்து முகம்

தம்போய்ச் சந்திப்பில் மோட்டார் சைக்கிளை லாரி உரசியதில், பின்னால் உட்கார்ந்திருந்த கஸ்தூரியின் பின்மண்டை தார்ச்சாலையில் மோதியது. மோட்டார் ஓட்டிய கணவன் யுகேந்திரன் சிராய்ப்போடு தப்பினான். அவள் பிழைத்தெழுந்தபோது கண்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் எதைப் பார்த்தாலும் அதன் இடப்பாதி இல்லை. மூளையில் பார்வைக்கான இடம் ஒருபக்கம் சிதைந்துவிட்டது என்றார்கள்.

அதைக்கூடப் பழகிக்கொண்டாள். பழக முடியாதது மாலை நேரம். வேலையிலிருந்து வரும் யுகேந்திரன் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து டிவி பார்ப்பான். அப்போதெல்லாம் காரணமில்லாமல் அவள் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். அங்கே வேறு யாரோ இருப்பதுபோல் தோன்றும். வலிக்கும் கழுத்தை மெல்லத் திருப்பினால், சிரித்த முகத்தோடு அவன்தான். வீட்டில் ஏதோ குடியேறிவிட்டது என்று பயந்து, கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டாள்.

மருத்துவமனையில் மூளை ஆய்வு செய்துவந்த மிஷேல் அவளை ஒரு சோதனைக்கு அழைத்தாள். விரலில் வியர்வையை அளக்கும் கருவியை மாட்டினாள். கஸ்தூரி திரையின் நடுப்புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். இடப்பக்கம் முகங்கள் மின்னி மறையும். அது சிரிக்கும் முகமா, பயந்த முகமா என்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமே தெரியலயே" என்றாள் கஸ்தூரி.

"பரவால்லக்கா. சும்மா கெஸ் பண்ணுங்க லா."

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பெரும்பாலும் சரியாக இருந்தது. பயந்த முகம் வந்தபோதெல்லாம் விரல் வேர்த்திருந்தது. கண்ணிலிருந்து மூளைக்குள் போக வேறொரு சின்ன வழியும் உண்டு, அது சிதையவில்லை, அதில் வருவது உங்களுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும் என்று மிஷேல் விளக்கினாள்.

கஸ்தூரி அதையே யோசித்தபடி வீடு திரும்பினாள். அப்படியென்றால் மாலையில் அவள் உடம்பு பார்ப்பது யாருடைய முகத்தை?

அன்று படபடப்பு வந்ததும், கழுத்து வலியைப் பொருட்படுத்தாமல் சட்டென்று திரும்பினாள். யுகேந்திரனுக்கு முகத்தை மாற்ற நேரமில்லை. லாரி இன்னும் வந்துகொண்டிருப்பதுபோல், வாய் பிளந்து, அவளையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் பக்கம் ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றான்.

அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணம் திரும்ப வருகிறதாம். நாள் முழுக்கச் சிரித்து நடிக்க முடியாமல்தான் அங்கே போய் உட்கார்ந்தானாம். அவள் அவன் முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். விபத்தைப் பற்றி இருவரும் முதன்முறையாகப் பேசினார்கள்.

பிறகு அவன் வலப்பக்கம் உட்கார்ந்தான். சில நாள் சிரித்தான், சில நாள் அழுதான். வீட்டில் படபடப்பு நின்றது.

ஆனால் பஸ்ஸிலோ கடையிலோ முன்பின் தெரியாத யாராவது இடப்பக்கம் வந்து நிற்கும்போது, திடீரென்று அவள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த முகத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வருவதில்லை.