ஒன்பது சிலிண்டரும் பன்னிரண்டாவது வீடும்

கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் சிற்றூரில், ஓய்வுபெற்ற பாக்கியராசா நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதந்தபடி தன் வீட்டைத் தினமும் முப்பத்தாறு தடவை சுற்றிவந்தார். மழையென்றால் குடை பிடித்துக்கொள்வார். புது வீட்டுக்குப் போனால் இரண்டு வருடம் அவர் கால் தரையில் இருக்கும், பிறகு கிளம்பிவிடும். வீடு மாறினால்தான் இறங்குவார். புரொண்பியில் நான்கு, பிரெடெரிசியாவில் ஆறு என்று மாறி, இது பதினோராவது. அடுத்ததை ஓடென்ஸவில் பார்த்தும்விட்டார். பெட்டி கட்டிக் கட்டியே அலுத்துப்போன மனைவி பவளராணி, செத்தாலும் இந்த வீட்டில்தான் என்று சத்தியம் செய்திருந்தாள்.

அவள் தொழிற்சாலையில் லேத் வேலை செய்பவள். அயலூர்ப் பறப்புக் கழகத்தினர், நூறு வருடத்துக்கு முந்தைய போரில் மிஞ்சிப்போன விமான எஞ்சின் ஒன்றை அவளுடைய கராஜில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த எஞ்சினின் கூத்தே தனி. நடுத்தண்டு அசையாது; ஒன்பது சிலிண்டர்களும் விசிறியோடு சேர்ந்து சுழன்று, பக்கத்தில் நிற்பவர் முகத்தில் மசகுக்கு ஊற்றிய ஆமணக்கெண்ணெயை வாரி இறைக்கும். கழகத்தினர் கேட்டது இதன் தலைகீழ். சிலிண்டர்கள் சட்டத்தோடு பூட்டப்பட்டு நிற்கவேண்டும், தண்டு சுற்றவேண்டும். ஏழு மாதம் கடைந்தாள். யன்னலுக்கு வெளியே கணவர் மிதந்து போகும்போதெல்லாம், இந்த மனுசனையும் இப்படிப் பூட்டிவிட முடியாதா என்று ஆத்திரம் வந்தது.

வேலை முடிந்ததும் எஞ்சினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேசிக்காய் வெட்டினாள். கற்பூரம் கொளுத்த வேண்டியவர் ஓரிடத்தில் நின்றால்தானே? அவர் மணிக்கட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எஞ்சினைக் கிளப்பினாள். சிலிண்டர்கள் ஒன்பதும் அசையாமல் நிற்க, தண்டு சுற்றியது. பாக்கியராசா தொப்பென்று தரையில் இறங்கினார். பவளராணியின் கால்கள் ஒரு சாண் மேலே போயின.

முதல் வாரம் அழுதாள். தொழிற்சாலையில் காரணம் கேட்காமல் லீவு கொடுத்தார்கள். பாக்கியராசா தோட்டத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்துவிட்டார். மூன்றாம் வாரம் அவள் வீட்டுத் தரகரைத் தானே கூப்பிட்டாள். அவர் அவளுக்குப் பின்னாலேயே வீட்டைச் சுற்றி நடந்து, அறைகளின் எண்ணிக்கையை எழுதிக்கொண்டார்.

"இஞ்சருங்கோ, பெட்டியைக் கட்டுங்கோ" என்றாள், கணவரைக் கடக்கும்போது.

"நான் வரேல்லை, பவளம். எனக்கு இந்த வீடு காணும்."

இருபத்தைந்து வருடம் அவரைத் திட்டித் தீர்த்ததை நினைத்து வெட்கப்பட்டாள். பதில் சொல்வதற்குள் வீட்டின் மறுபக்கம் போய்விட்டாள். அவர் சோற்றைக் குழைத்து, ஒரு கவளம் உருட்டி, வேலியோரம் காத்து நின்றார். அவள் நிற்காமல் வாயில் வாங்கிக்கொண்டு போனாள். உப்புக் காணாது என்று அடுத்த சுற்றில் சொன்னாள்.