மேனுகாவின் பெயரில் ஒரு வரி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. வெள்ளவத்தையில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி சொன்னது. "பேரை மட்டும் மாத்திப் போடுங்கோ" என்றாள். மேனுகா என்று மாற்றினேன். மற்றதை மாற்ற மனம் வரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'காலி வீதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது மேனுகா...' மழைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விட்டுவிட்டேன்.

2

அங்கே எல்லோரிடமும் ஒரே ரூட் பாஸ்வேர்ட் இருந்தது. அதை வைத்து எதையும் திறக்கலாம், அழிக்கலாம்; செய்தவர் யாரென்று தெரியாது. போன வருடம் மேனுகாதான் அதை ஒழித்தாள். இனி அவரவர் தம் பெயரில் நுழைந்து, கட்டளைக்கு முன் 'சூடோ' என்று தட்டவேண்டும். யார், எப்போது, எதைத் திறந்தார் என்று லாக் என்ற பதிவேட்டில் ஒரு வரி விழும். திங்கட்கிழமைதோறும் அதன் அச்சுப் பிரதி முதலாளியின் மேசைக்குப் போகும்.

முதல் மாதமே அவளுடைய உதவியாளன் நபீஸ் அகப்பட்டான்.

"என்ட உம்மாட ரிப்போர்ட்டத்தான் பாத்த மிஸ். டொக்டர்ட்ட போக இன்னம் நாலு நாள் இருந்திச்சி."

"ஆரின்ர ரிப்போர்ட் எண்டாலும் பாக்கக் கூடாது நபீஸ்."

அவனுடைய சூடோ அதிகாரத்தைப் பறித்தாள். (அந்த ரிப்போர்ட்டில் நல்ல செய்தி இல்லை. உம்மா இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.)

3

போன வெள்ளிக்கிழமை அவளுடைய கணவன் றமேஷின் கழுத்துக் கட்டியின் ரிப்போர்ட் அவர்களுடைய நிலையத்துக் கணினிக்கே வந்தது. களுபோவிலை ஆஸ்பத்திரியில் டொக்டரைச் சந்திப்பது செவ்வாய்க்கிழமை. அதுவரை பொறுக்க முடியவில்லை. பகல் 12.42க்கு மேனுகா சூடோ தட்டி அதைத் திறந்தாள்.

புற்றுநோய் இல்லை.

அழுதாள். [அழுகையைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். அவளுக்காக நான் கெஞ்சுவதுபோல இருந்தது. வெட்டினேன்.] பிறகுதான் லாக் ஞாபகம் வந்தது. தெரிந்தால் வேலை போகும். அந்த வரியை அழிக்கும் அதிகாரமும் இப்போது அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

4

முதலாவது முடிவு: அழித்தாள். ஒரு நிமிட வேலை. எழுதியதும் அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

இரண்டாவது முடிவு: முதலாளியிடம் போய் ஒப்புக்கொண்டாள், அவரும் பெருந்தன்மையோடு... இல்லை, நானே நம்பவில்லை.

நடந்தது இது. திங்கட்கிழமை காலை அச்சுப் பிரதியை நபீஸின் கையில் கொடுத்தாள். அவன் மேலிருந்து கீழே வாசித்து, 12.42இல் நின்றான்.

"சேருக்குக் காட்டல்லயா மிஸ்?"

"இல்லை. முதலாளியிட்ட நீங்கள்தான் குடுக்கோணும்."

(அவன் தலையில் அதைப் போட்டது நியாயமா? எனக்குக் கோபம்தான் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.)

"ஹஸ்பண்டுக்கு எப்பிடி?"

"ஒண்டுமில்லையாம் நபீஸ்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான். மனதாரத்தான் சொன்னானாம். பிறகு தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

5

அந்தத் தாளை அவன் என்ன செய்தான் என்று மேனுகா சொன்னாள். அதையும் ஒரு வரியில் எழுதினேன். மற்ற வெட்டுகளையெல்லாம் உங்களுக்குக் காட்டிவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் தடமில்லாமல் அழித்திருக்கிறேன். இப்போது நீங்கள்தான் நபீஸ்: உங்கள் தாய் இரண்டு மாதத்தில் போய்விட்டாள், தாள் உங்கள் கையில் இருக்கிறது. அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். கீழே பெயரையும் போடுங்கள்.