அரசாங்கப் பல்

ஷஹாபுதீன் சாருக்கு வாய்தான் எதிரி. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குத் தடயவியல் எடுத்தவர் அவர். அவ்வளவு பெரிய நிபுணர் ஆய்வுக்கூடத்தை விட்டு வாத்தியாராக வந்ததற்குக் காரணம் ஒரு வடை. அந்தக் கதையை வருஷா வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். ரிங்லெட் மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, முள்வேலியைத் தாண்டி ஒரு பருக்கை சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. அப்படியிருக்க, காட்டோரத்தில் கடித்த உளுந்து வடை ஒன்று கிடந்தது. கொழுந்து பறிக்கும் ருக்குமணியைப் பிடித்துவிட்டார் இன்ஸ்பெக்டர் நாகரத்தினம். கடித்தது அவள்தான் என்று நிரூபணமானால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தியாவை அவள் பார்த்ததே இல்லை. லைன் வீட்டில் இரண்டு குழந்தைகள் வேறு.

ஈப்போவிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார் சார். ருக்குமணியிடம் ஒரு மெழுகுக் கட்டியை நீட்டினார்.

"இத கடிம்மா."

கடித்தாள். "உப்பே இல்லையே ஐயா" என்றாள். பாவம், கண்ணில் தண்ணீர் நிற்கும்போதும் அந்த வாய்த்துடுக்கு போகவில்லை.

மெழுகில் ஒரு முன்பல் விழுந்துபோன இடைவெளி. வடையிலும் அதே இடத்தில் அதே இடைவெளி.

"அவளுதுதானே சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவசரப்படாதீங்க லா. மொதல்ல பல்லுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

ஆரம்பித்துவிட்டார். வெட்டும் பல், கிழிக்கும் பல், அரைக்கும் பல். இன்ஸ்பெக்டருக்குக் கொட்டாவி வந்தது. சார் வடையைக் கையில் எடுத்து ஆட்டி ஆட்டி விளக்கினார். "மனுசன் எப்படிக் கடிக்கிறான்னா, இப்படி..." என்று போட்டார் ஒரு கடி.

"சார்! அது தடயம் சார்!"

"அடடா, பேச்சு சுவாரஸ்யத்துல..." என்று மென்று முழுங்கியும்விட்டார்.

மிச்சத்தை வைத்து அறிக்கை எழுதினார்: 'வடையில் காணப்படுவது அரசாங்க நிபுணரின் பல் மட்டுமே.'

இன்ஸ்பெக்டர் குதிகுதியென்று குதித்தார். அரசாங்க நிபுணரையா கப்பலேற்ற முடியும்? ருக்குமணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த ஆளைத் தடயம் இருக்கும் பக்கமே விடக்கூடாது என்று இலாகா அவரைக் கல்லூரிக்குத் தள்ளிவிட்டது. அவருக்கு வரவேண்டிய பெரிய பதவியும் போயிற்று.

"அதனால, வெறும் வயித்தோட தடயத்துக்கிட்ட போகாதீங்க" என்று முடிப்பார். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

அவர் ஓய்வு பெற்ற அன்று விருந்து. நான் சும்மா இருக்க மாட்டாமல் அவர் வாயைக் கிளறினேன். "அன்னிக்கு அவ்வளவு பசியா சார்?"

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயெல்லாம் தடயவியல் படிச்சு என்ன லா பிரயோஜனம்? மழையில நாலு நாளு கெடந்து நூல் விட்டுப்போன வடை. அத எவனாச்சும் பசிக்குத் தின்பானா?"